போர்க்கால மணப்பெண்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் உலகப் போரின்போதும் அது முடிந்த பின்னரும் அயல்நாட்டுப் படைவீரர்களை மணந்து, கணவரின் நாட்டில் குடியேறிய பெண்களைப் பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இத்தனை திருமணங்கள் எப்படி நடந்தன? குண்டு விழும் பயத்தில், முன்பின் யோசிக்காமல் செய்துகொண்ட அவசரக் கல்யாணங்கள்தானா இவை?
(வரலாறு பயிலும் கல்லூரி மாணவி ஒருவர்)

அவசரக் கல்யாணம் என்ற பெயர் இவர்கள்மேல் அந்தக் காலத்திலேயே விழுந்துவிட்டது. நடந்தவற்றைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், அந்தப் பெயர் சிலருக்கே பொருந்தும் என்பது தெரியும். கனடாவின் முதல் படைப்பிரிவு 1939 டிசம்பரில் பிரிட்டனில் வந்திறங்கியது. அந்த வீரர்களில் பலர் 1943இல் இத்தாலிக்கோ 1944இல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரைக்கோ அனுப்பப்படும்வரை, ஆல்டர்ஷாட் முதலான தென் இங்கிலாந்து ஊர்களில் பயிற்சியும் காவலுமாக மூன்று, நான்கு ஆண்டுகளைக் கழித்தார்கள். ஓர் ஊரில் அத்தனை காலம் இருந்தவரை, அவ்வூர்க் குடும்பங்களோடு ஒரே மேசையில் உண்டவரை, அந்நியர் என்று எப்படிச் சொல்வது? ஆல்டர்ஷாட் பகுதியில் கனடிய வீரர் ஒருவருக்கும் பிரிட்டிஷ் பெண்ணுக்கும் முதல் திருமணம் 1940 ஜனவரியிலேயே நடந்துவிட்டது. போர் முடிந்து கணக்கெடுத்தபோது, கனடிய வீரர்களை மணந்த பெண்கள் சுமார் 48,000 பேர் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள்; அடுத்த நிலையில், மிகக் குறைந்த எண்ணிக்கையில், நெதர்லாந்துப் பெண்களும் பெல்ஜியப் பெண்களும் இருந்தார்கள்.

அமெரிக்கப் படைகள் 1942 ஜனவரியில் வரத் தொடங்கின. நார்மண்டித் தாக்குதலுக்கு முன் சுமார் 15 லட்சம் அமெரிக்க வீரர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். தொழிற்சாலைகளிலும் துணைப்படைகளிலும் விவசாய வேலைகளிலும் பெண்கள் இறங்கியிருந்த காலம் அது. வீட்டை விட்டு வெளியே வந்து, சொந்தமாகச் சம்பாதித்து, வேலை முடிந்த மாலையில் நடன அரங்குக்குப் போகும் வாழ்க்கை அவர்களில் பலருக்கும் புதியது. அங்கே தொடங்கிய பழக்கம் திருமணத்தில் முடிவதற்கு இராணுவம் எளிதில் வழிவிடவில்லை. கட்டளை அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண்ணைப் பற்றியும் அவளுடைய குடும்பத்தைப் பற்றியும் விசாரணை நடக்கும். படைப்பிரிவின் பாதிரியார் இருவரையும் அழைத்து அறிவுரை சொல்வார். இத்தனையையும் கடந்து மணந்தவர்களை யோசிக்காதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். மணமகன் சீருடையில் இருந்தார். அவருடைய ஊரையும் வீட்டையும் தொழிலையும் பெண் கண்ணால் கண்டதில்லை. அவர் சொன்னதை நம்பித்தான் அவள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: போர் முடிந்து நாடே பஞ்சத்தில் கிடந்தபோது, இத்தனை ஆயிரம் பெண்களும் கைக்குழந்தைகளும் கடல் கடந்து எப்படிப் போனார்கள்? செலவை யார் ஏற்றார்கள்?
(ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர் ஒருவர்)

செலவை அரசுகள் ஏற்றன. ஆனால் கப்பல்தான் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் வீரர்களை ஊருக்கு அனுப்புவதே முதல் வேலையாக இருந்தது. மனைவியரும் குழந்தைகளும் வரிசையில் பின்னால் நிறுத்தப்பட்டார்கள். கணவர் அமெரிக்கா திரும்பி மாதங்கள் ஆன பிறகும் தங்களுக்குக் கப்பல் இல்லை என்று கண்ட பெண்கள், 1945இன் பிற்பகுதியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு லண்டன் தெருக்களில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி அமெரிக்காவில் போர் மணப்பெண்கள் சட்டம் நிறைவேறியது. படைவீரர்களின் மனைவியரையும் குழந்தைகளையும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் குடியேறலாம் என்ற ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்காமல் உள்ளே விட, மூன்று ஆண்டுகளுக்கு அது வழிசெய்தது.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. பெண்கள் முதலில் டிட்வொர்த் என்ற பழைய இராணுவ முகாமில் கூட்டப்பட்டார்கள். குளிர்ந்த கூடங்கள், வரிசை வரிசையான கட்டில்கள், நீண்ட படிவங்கள், கைரேகை, அமெரிக்க டாலராக மாற்றித் தரப்பட்ட சிறு தொகை. எல்லாவற்றிலும் கசப்பானது மருத்துவப் பரிசோதனை. பல பெண்களை ஒன்றாக நிறுத்தி, ஆடை களையச் செய்து, பால்வினை நோய் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்த அந்த அவமானத்தை, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பேசியபோதும் அவர்கள் மறக்கவில்லை. சட்டப்படி மணந்து, கையில் குழந்தையோடு கணவரிடம் போகிறவர்களை ஓர் அரசு இப்படி நடத்தியதற்கு எந்தச் சமாதானமும் போதாது என்று நினைக்கிறேன்.

1946 ஜனவரி 26 அன்று, ‘அர்ஜென்டினா’ என்ற கப்பல் 452 மணப்பெண்களோடும் 173 குழந்தைகளோடும் சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்டது. அமெரிக்கப் படைப்பணியில் இருந்த பெண்ணை மணந்த ஒரே ஓர் ஆணும் அதில் இருந்தார். குளிர்காலத்து அட்லாண்டிக் கடல் கொந்தளித்ததால் பலர் படுக்கையை விட்டு எழவே இல்லை. பிப்ரவரி 4 அன்று கப்பல் நியூயார்க்கை அடைந்தது. அடுத்த நாள், பிப்ரவரி 5 அன்று, ‘மௌரிடேனியா’ லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டு, 10ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் 21ஆம் தளத்தில் நின்றது. கனடா இதற்கென்றே 1944இல் லண்டனில் ஒரு தனிப் பணியகம் அமைத்திருந்தது. கப்பலிலும் அதன் பிறகான தொடர்வண்டிப் பயணத்திலும் செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் உடன் சென்றார்கள். இந்த ஏற்பாடு அமெரிக்க ஏற்பாட்டைவிடக் கனிவானது என்பது என் கணிப்பு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்கரை மணந்த பெண்கள் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி சான்ஃபிரான்சிஸ்கோ சென்றார்கள்.

பயணத்தைப் பற்றிப் பேசிய பெண்கள் பலரும் தவறாமல் குறிப்பிட்டது கப்பலில் கிடைத்த உணவை. ஆண்டுக்கணக்கில் பங்கீட்டு அட்டையில் வாழ்ந்து, சாம்பல் நிற ரொட்டியைத் தின்று பழகியவர்கள், வெள்ளை ரொட்டியையும் ஆரஞ்சுப் பழத்தையும் வெண்ணெயையும் மேசையில் கண்டபோது முதலில் மகிழ்ந்தார்கள். பிறகு, வீட்டில் இருக்கும் தாயையும் தம்பி தங்கைகளையும் நினைத்து உண்ண முடியாமல் தவித்தார்கள். அந்தப் பயணங்கள் எல்லாமே நல்லபடி முடியவில்லை. 1946இல் நெரிசலான சில கப்பல்களில் வயிற்றுப்போக்கு பரவிக் கைக்குழந்தைகள் இறந்தன.

கேள்வி: வெளிநாட்டில் திருமணமாகிப் போன மகளின் தாய் நான். அந்தப் பெண்கள் புகுந்த வீட்டில் என்ன கண்டார்கள்? சொன்னபடி வாழ்க்கை அமைந்ததா?
(இல்லத்தரசி ஒருவர்)

அம்மா, உங்கள் கேள்விதான் இவற்றுள் முக்கியமானது. கப்பலைப் படமெடுத்த செய்தித்தாள்கள் கப்பல் நின்றதும் திரும்பிப் போய்விட்டன. பெண்களின் வாழ்க்கை அதன் பிறகுதான் தொடங்கியது.

ஹாலிஃபாக்ஸில் இறங்கிய பெண்ணுக்குக் கனடாவின் அகலம் தொடர்வண்டியில்தான் புரிந்தது. இரண்டு மூன்று நாட்கள் ஓடியும் காடும் பனியுமே சன்னலில் தெரிந்தன. நள்ளிரவில், விளக்குகூடச் சரியாக இல்லாத ஒரு நிறுத்தத்தில், ஒருத்தியை மட்டும் இறக்கிவிட்டு வண்டி போய்விடும். பண்ணை என்று கணவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத, குழாய் நீர் இல்லாத, கழிப்பறை வீட்டுக்கு வெளியே தனியாக நிற்கும் பண்ணை அது என்பதை அவர் சொல்ல விட்டுவிட்டார். லண்டனிலோ கிளாஸ்கோவிலோ தெருமுனைக்கு ஒரு கடை, பேருந்து, திரையரங்கு என்று வளர்ந்தவள், விறகு அடுப்பை மூட்டவும் கிணற்றிலிருந்து நீர் சுமக்கவும் பனியில் உறைந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கவும் பழக வேண்டியிருந்தது. சொல்ல வெட்கப்பட்டு மறைத்தவர்களும், தமக்கு இயல்பாகத் தோன்றியதால் சொல்லாமல் விட்டவர்களும் அந்தக் கணவர்களில் இருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னவர்களும் இல்லாமலில்லை.

போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தால், ஊர்ப்புறத்திலும் நகரத்திலும் இளம் தம்பதிகள் பெரும்பாலும் மாமனார், மாமியாருடன் ஒரே வீட்டில் இருந்தார்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தியை மருமகளாக மனத்தில் வைத்திருந்த மாமியார், கடல் தாண்டி வந்தவளை எப்படி வரவேற்றிருப்பார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுக் கடைக்காரர் சிரிப்பார். அவள் சமைப்பது வீட்டில் யாருக்கும் பிடிக்காது. கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் குடும்பத்துக்குள் நுழைந்த ஆங்கிலப் பெண்ணுக்கு மொழியே முதல் சுவராக இருந்தது. பூர்வகுடி வீரரை மணந்த பெண்கள் சிலர், அன்றைய கனடியச் சட்டப்படி தாங்களும் பூர்வகுடியினராகவே பதிவாகி, ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளில் வாழ்ந்தார்கள். மறுபக்கம், மருமகளை மகளாகவே ஏற்று, சமையலிலிருந்து பிரசவம்வரை உடன் நின்ற மாமியார்களும் ஏராளம். பல திருமணங்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.

கணவரும் பழைய மனிதராக இல்லை. போரில் கண்டவற்றை மனத்தில் சுமந்து, இரவில் அலறி எழுகிறவர், குடிக்கிறவர், வேலை கிடைக்காமல் வீட்டில் முடங்குகிறவர் என்று பலர் இருந்தார்கள். அந்தப் பாதிப்புக்கு அன்று சிகிச்சையும் அதிகம் இல்லை. உடைந்து திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அரசு கொடுத்தது போகும் வழிக்கான பயணச்சீட்டு மட்டுமே. திரும்பி வரக் காசு இல்லாததால் தங்கிவிட்டவர்களையும், அன்பால் தங்கியவர்களையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. இந்தத் திருமணங்கள் பெரும்பாலும் நிலைத்தன என்று சொல்லிப் பெருமைப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இதை நான் எண்ணிப் பார்க்கிறேன்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். தொலைபேசி அழைப்பு ஒரு குடும்பத்தின் வாரச் செலவை விழுங்கக்கூடிய காலத்தில், கடிதம் ஒன்றுதான் வழி. பிரிட்டனில் இருந்த தாய் தந்தையர் தமக்குள் சேர்ந்து, அட்லாண்டிக் கடந்த மணப்பெண்கள் மற்றும் பெற்றோர் சங்கம் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். குறைந்த கட்டணத்தில் மொத்தமாக விமானங்களை அமர்த்தி, மகள்களையும் பேரக்குழந்தைகளையும் பார்க்க அவர்கள் வழிகண்டார்கள். அரசு நினைத்துப் பார்க்காததைத் தாய்மார்கள் செய்து முடித்தார்கள்.

கேள்வி: எதிரி நாடான ஜப்பானின் பெண்களையும் அமெரிக்க வீரர்கள் மணந்தார்களாமே? அவர்களுக்கும் இதே வரவேற்பு கிடைத்ததா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

கிடைக்கவில்லை. இந்த வரலாற்றில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான்: காதல் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தது, நிறத்துக்கு ஏற்றபடி சட்டம் மாறியது.

அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவர் என்று வகைப்படுத்தி, ஜப்பானியர் குடியேறுவதை அடியோடு நிறுத்தியிருந்தது. எனவே 1945இன் சட்டம் பிரிட்டிஷ் பெண்ணுக்குத் திறந்த கதவு ஜப்பானியப் பெண்ணுக்குத் திறக்கவில்லை. ஜப்பானில் தங்கியிருந்த வீரர் அங்கே ஒரு பெண்ணை மணக்க விரும்பினால், அவளை ஊருக்கு அழைத்துப்போக முடியாது என்பதையே காரணமாகக் காட்டி இராணுவம் அனுமதி மறுத்தது. 1947 ஜூலை 22 அன்று ஒரு சிறு சன்னல் திறந்தது. அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் மணந்துகொண்டால் இனத்தைக் காரணம் காட்டித் தடுக்கமாட்டோம் என்று ஒரு திருத்தம் சொன்னது. அந்த ஒரு மாதத்துக்குள் 800க்கும் மேற்பட்ட இணைகள் ஓடிப்போய்ப் பதிவு செய்துகொண்டன. அந்த மணமகன்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க வீரர்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1950இல் மீண்டும் ஒரு குறுகிய கால அவகாசம் கிடைத்தது. 1952இன் புதிய குடியேற்றச் சட்டம் இனத்தடையை நீக்கிய பிறகுதான் வழி நிலையாகத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், மாற்றல் உத்தரவு வந்து கணவர் போய்விட, குழந்தையோடு தனித்து நின்ற பெண்கள் எத்தனையோ பேர்.

சொந்த நாட்டிலும் அவர்களுக்கு மரியாதை இல்லை. வென்றவனோடு போனவள் என்று ஊர் பழித்தது. தகப்பன்மார் உறவை அறுத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஜப்பானில் இவர்களுக்காகப் பயிற்சி வகுப்புகள் நடத்தியது. அமெரிக்க முறைச் சமையல், குழந்தை வளர்ப்பு, உடை, உயர்ந்த குதிகால் செருப்பில் நடப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆசிரியைகளின் நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் போகிற இடத்தில் என்ன காத்திருக்கிறது என்பதை அந்தப் பாடங்கள் சொல்லவில்லை. வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைக் குற்றமாக்கிய சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நடைமுறையில் இருந்தன. கலிஃபோர்னியாவில் அந்தச் சட்டம் 1948இல்தான் நீதிமன்றத்தால் வீழ்ந்தது. 1967இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தபோதுகூட 16 மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. இராணுவம் மாற்றல் கொடுக்கும் இடத்தில் தங்கள் திருமணம் செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே குடும்பங்கள் இடம் மாறவேண்டியிருந்தது.

போரின்போது சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்துவைத்திருந்தது. அப்போதுதான் வெளியே வந்து தலைநிமிரத் தொடங்கியிருந்த அந்தச் சமூகமும், வீரரை மணந்து வந்த பெண்ணைத் தன்னவளாக எளிதில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் போய்ச் சேர்ந்ததோ பெரும்பாலும் தன் மொழி பேச ஒருவரும் இல்லாத படைத்தள ஊரில். குழந்தைகள் அமெரிக்கராக வளரவேண்டும் என்ற அறிவுரையை நம்பி, அவர்களிடம் ஜப்பானிய மொழியில் பேசாமலே இருந்த தாய்மார்கள் பலர். பிற்காலத்தில், தம் தாயின் இளமையைப் பற்றி எதுவும் தெரியாமல் வளர்ந்துவிட்டோம் என்று பிள்ளைகள் வருந்தியதற்கு இதுவே காரணம்.

ஆஸ்திரேலியாவின் கதையும் இதையொட்டியதே. ஹிரோஷிமாவுக்கு அருகில் உள்ள குரே துறைமுகத்தில் ஆஸ்திரேலியப் படை தங்கியிருந்தது. வெள்ளையருக்கு மட்டும் என்ற குடியேற்றக் கொள்கை கொண்ட அந்நாட்டின் அமைச்சர் ஆர்தர் கால்வெல், ஜப்பானிய மனைவியரை அனுமதிக்க உறுதியாக மறுத்தார். ஆட்சி மாறி, ஹரோல்டு ஹோல்ட் குடியேற்ற அமைச்சரான பிறகு, 1952இல் தடை தளர்ந்தது. சுமார் 650 பெண்கள் வந்தார்கள். தொடக்கத்தில் ஐந்தாண்டு தற்காலிக அனுமதி மட்டுமே தரப்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்தக் கொள்கைச் சுவரில் விழுந்த முதல் விரிசல்களில் ஒன்று இந்தப் பெண்களால் விழுந்தது.

கேள்வி: கறுப்பின வீரர்களுக்கும் சீன வம்சாவளி வீரர்களுக்கும் 1945இன் போர் மணப்பெண்கள் சட்டத்தால் பயன் இருந்ததா?
(சட்டம் பயிலும் மாணவர் ஒருவர்)

இரண்டுக்கும் பதில் வேறு. கறுப்பின அமெரிக்க வீரரும் பிரிட்டிஷ் பெண்ணும் மணக்க அனுமதி கேட்டால், கட்டளை அதிகாரிகள் பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் பல மாநிலங்களில் அந்தத் திருமணம் செல்லாது என்பது அவர்கள் சொன்ன காரணம். திருமணமே நடக்காததால் மனைவி என்ற தகுதியும் வரவில்லை. சட்டத்தின் பயனும் எட்டவில்லை. அந்த உறவுகளில் பிறந்த சுமார் 2,000 குழந்தைகள் தந்தையின்றி பிரிட்டனில் வளர்ந்தார்கள். பலர் விடுதிகளில் விடப்பட்டார்கள்.

சீனர்களின் நிலையோ எதிர்பாராத விதமாக மாறியது. சீனர் குடியேற்றத் தடை 1943இல் நீங்கியபோதும், ஆண்டுக்கு 105 பேர் என்ற ஒதுக்கீடுதான் இருந்தது. போர் மணப்பெண்கள் சட்டமும் 1946 ஆகஸ்டில் வந்த மற்றொரு சட்டமும் சீன மனைவியரை அந்தக் கணக்கிலிருந்து விடுவித்தன. 1948க்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களில் பலர் புதுமணப் பெண்களே அல்லர். தென் சீனாவின் குவாங்டாங் மாகாணக் கிராமங்களில் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே மணமாகி, கணவரின் பணத்தையும் கடிதத்தையும் மட்டுமே கண்டு வாழ்ந்தவர்கள். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அமெரிக்கச் சீனக் குடியிருப்புகளில் குழந்தைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது இவர்களால்தான். எனினும் சான்ஃபிரான்சிஸ்கோவில் விசாரணை என்ற பெயரில் மாதக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்ட சீனப் பெண்கள், அதைத் தாங்கமுடியாமல் 1948இல் உண்ணாவிரதம் இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: மணந்த உடனே கணவரின் குடியுரிமை கிடைத்துவிட்டதா?
(வாசகர் ஒருவர்)

அமெரிக்காவில் இல்லை. 1922இன் சட்டத்துக்குப் பிறகு, மணத்தால் மட்டும் ஒரு பெண் அமெரிக்கராகிவிட முடியாது. அங்கே வசித்து, தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

கனடாவில் நடந்தது இன்னும் வேதனையானது. வந்து இறங்கிய நாளிலேயே தாங்கள் கனடியர் என்று பெண்கள் நம்பினார்கள். அதிகாரிகளும் அப்படித்தான் பேசினார்கள். 1947 ஜனவரி 1 அன்று கனடாவின் முதல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் நுணுக்கமான விதிகளில் சிக்கி, அந்தப் பெண்களிலும் குழந்தைகளிலும் பலர், தமக்கே தெரியாமல், குடியுரிமை அற்றவர்களாக ஆனார்கள். பாஸ்போர்ட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ விண்ணப்பித்த நாளில்தான் சிலருக்கு அது தெரியவந்தது. வரி கட்டி, வாக்களித்து, அந்நாட்டுப் படையில் பணிசெய்த பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களிடம் நீ யார் என்று அரசு கேட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2009இல் வந்த திருத்தம் பலருக்குக் குடியுரிமையை மீட்டுக் கொடுத்தது. அதிலும் விடுபட்ட போர்க்கால மணப்பெண்களையும் 1947க்கு முன் வந்த அவர்களுடைய பிள்ளைகளையும் 2015இல் நடைமுறைக்கு வந்த விதிகள் சேர்த்துக்கொண்டன. அவர்கள் இறங்கிய ஹாலிஃபாக்ஸின் 21ஆம் தளம் இப்போது தேசியக் குடியேற்ற அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தப் பெண்கள் பலரின் வாய்மொழி நினைவுகள் அங்கே பதிவாகியுள்ளன. இந்தப் பொருளில் மேலும் அறிய விரும்பும் வாசகர்கள் அவற்றிலிருந்து தொடங்கலாம்.